வெள்ளியும் வண்ணப் பிசினும்
நகையில் நிறம் நிலைக்க உலோகத்தைப் பக்குவப்படுத்தும் முறை

வெள்ளி மோதிரம் ஒன்றின் முகப்பில் பதிந்திருந்த நீல நிறம், வாங்கிய சில மாதங்களுக்குள் ஒரு வில்லையாகக் கழன்று விழுந்துவிடுகிறது. வாங்கியவர் மோதிரத்தைத் தொழிலாளியிடம் திருப்பித் தருகிறார். தொழிலாளி பிசினைக் குறை கூறுகிறார். பிசினை விற்றவரோ கலந்த கையைக் குறை கூறுகிறார். ஆனால் கழன்ற வில்லையைத் திருப்பி அதன் அடிப்புறத்தைப் பார்ப்பவருக்கு உண்மை விளங்கும். வில்லை உடையவுமில்லை, இளகவுமில்லை. அதன் அடிப்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறது. அல்லது மெல்லிய கருமை அதில் ஒட்டியிருக்கிறது. பிசின் தன்னளவில் செவ்வனே இறுகியிருந்தது. வெள்ளியைத்தான் அது பற்றவில்லை.

இவ்விதக் குறைகளிற் பெரும்பாலானவை பிசினை ஊற்றுவதற்கு முன்பே நேர்ந்துவிட்டவை. வெள்ளியின் முகத்தை எவ்வாறு பக்குவப்படுத்தினால் நிறம் நிலைக்கும், அது பக்குவமாயிற்றா என்பதை எவ்வாறு சோதித்தறிவது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கைவினைத் தொழிலாளரிடையே பணிபுரியும் களப் பணியாளர்களுக்கும், தொழிற்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

மீனாவும் பிசினும்

உலோகத்தின்மேல் நிறம் ஏற்றும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. ஜெயப்பூர், வாரணாசி முதலிய நகரங்களில் வழங்கும் மீனாகாரி வேலை உலகறிந்தது. உலோகத்தில் பள்ளம் செதுக்கி, அதில் நிறக் கண்ணாடிப் பொடியை நிரப்பி, உலையில் இட்டு உருக்குவதே மீனா. கண்ணாடி உருகி உலோகத்தோடு ஒன்றிவிடுகிறது. இதற்கு ஏறத்தாழ 750 முதல் 850 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பம் தேவை.

வெள்ளிக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தூய வெள்ளி சுமார் 962 டிகிரியில் உருகும். ஆனால் நகைக்கு வழங்கும் 925 தர வெள்ளியில், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பும் இருப்பதால், அது சுமார் 800 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். மீனாவை உருக்கும் வெப்பத்துக்கும் நகையே இளகிவிடும் வெப்பத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. அன்றியும், சிவப்பு, இளஞ்சிவப்பு முதலிய சில ஒளிபுகும் நிறங்கள் வெள்ளியின்மேல் நேராக உருகும்போது மஞ்சளித்துக் கெடுகின்றன. வெப்பம் தாங்காத கற்கள் பதித்த நகையை உலையில் இடவும் இயலாது.

ஆகவேதான் உலையின்றி அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸிப் பிசின், பல பட்டறைகளில் மீனாவின் இடத்தைப் பிடித்துள்ளது. பல் கட்டும் வேலைக்கு ஏற்ற பொருளைத் தேடிய சுவிட்ஸர்லாந்து இரசாயனி பியேர் காஸ்டானும், வண்ணப்பூச்சுத் துறையில் உழைத்த அமெரிக்கர் ஸில்வன் கிரீன்லீயும் இப்பிசினின் தொடக்கப் பணிகளோடு தொடர்புடையவர்கள். 1946-இல் சுவிட்ஸர்லாந்தின் சீபா நிறுவனம் ‘அரால்டைட்’ என்னும் பெயரில் இதை ஒட்டும் பொருளாக வெளியிட்டது. பிசின் ஒரு குப்பியிலும், அதை இறுகச் செய்யும் கெட்டிப்பான் மற்றொரு குப்பியிலும் கிடைக்கும். இரண்டும் கலந்தவுடன் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வலைபோன்ற திண்பொருளாகின்றன. இது உலர்தல் அன்று, இரசாயன மாற்றம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒருமுறை இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது.

மீனா உருகி ஒன்றுகிறது. பிசினோ வெறுமனே பற்றிக்கொள்கிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், உலோகத்தைப் பக்குவப்படுத்துவதன் அவசியம் தானே புலனாகும்.

வெள்ளியை ஏன் எளிதில் பற்றுவதில்லை?

காரணங்கள் நான்கு.

முதலாவது, மெருகிட்ட வெள்ளியின் வழவழப்பு. ஒட்டும் பொருளுக்குப் பிடித்து நிற்க மேடுபள்ளம் வேண்டும். கண்ணாடிபோன்ற பரப்பில் அதற்குப் பிடிமானம் இல்லை.

இரண்டாவது, எண்ணெய்ப் பசை. மெருகுக் கட்டிகளில் மெழுகும் கொழுப்பும் கலந்திருக்கின்றன. விரல் நுனியிலும் எண்ணெய் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அப்படலத்தின்மேல் பிசின் ஊற்றப்பட்டால், அது பற்றுவது எண்ணெயையே அன்றி வெள்ளியை அன்று.

மூன்றாவது, கருமை. காற்றிலுள்ள சிறிதளவு ஹைட்ரஜன் ஸல்பைடு முதலிய கந்தகச் சேர்மங்களால் வெள்ளியின்மேல் வெள்ளி ஸல்பைடு படிகிறது. இது உலோகத்தோடு உறுதியாகப் பிணைந்ததன்று. பிசின் இதைப் பற்றினாலும், இப்படலம் வெள்ளியை விட்டுப் பெயரும்போது நிறமும் உடன் பெயர்ந்துவிடும். கழன்ற வில்லையின் அடியிற் காணும் கருமை பெரும்பாலும் இதுவே.

நான்காவது, வெப்பத்தால் விரியும் அளவில் உள்ள வேறுபாடு. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் வெள்ளி தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு விரிகிறது. எப்பாக்ஸிப் பிசின் ஏறத்தாழ 60 பங்கு விரிகிறது. 10 மில்லிமீட்டர் அகலமுள்ள முகப்பொன்று நிழலிலிருந்து வெயிலுக்குச் சென்று 30 டிகிரி சூடேறினால், இரண்டுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட வேற்றுமை ஏற்படும். இது சிறிதே. ஆயினும் நாள்தோறும் பலமுறை நிகழும் இவ்விழுப்பைத் தாங்குவது பற்று ஒன்றே. பற்று நலிந்திருப்பின் விளிம்பு முதலிற் பெயரும். பெயர்ந்த இடுக்கில் வியர்வையும் சோப்பு நீரும் புகும். பின்னர் முழு வில்லையும் கழலும்.

முதற்படி: அமைப்பும் பற்றவைப்பும்

நிறம் நிற்கவேண்டிய பள்ளம் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை ஆழமுடையதாக இருப்பது நன்று. இதனினும் மெல்லிய பூச்சு, தேய்ப்பிலும் மெருகிலும் எளிதிற் போய்விடும். பள்ளத்தின் சுவர்கள் செங்குத்தாக நிற்கவேண்டும். உளியால் அடிப்பாகத்தை வாயைவிட ஒரு மயிரிழை அகலமாகக் குடைந்துவிட்டால், இறுகிய பிசின் அதில் ஆப்புப்போல் மாட்டிக்கொள்ளும். பள்ளத்தின் ஓரங்கள் சட்டிபோல் சரிந்திருந்தாலோ, நிறம் விளிம்பில் மெலிந்து அங்கிருந்தே உரியத் தொடங்கும்.

பொடி வைத்து ஊதும் வேலை அனைத்தும் பிசினுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வளையமோ கொக்கியோ பின்னர்ப் பற்றவைக்கலாம் என்று விட்டுவைத்தால், ஊதும் தீயில் நிறம் கருகிப் புகையும். காட்மியம் கலந்த பற்றாசை விலக்குக. அதன் புகை நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. காட்மியம் இல்லாத பற்றாசு கடைகளிற் கிடைக்கிறது.

இரண்டாம் படி: திராவகத்தில் இடுதல்

தீயில் வாட்டிய 925 வெள்ளியின்மேல் செம்பு ஆக்ஸைடு கருமையாகப் படியும். இதை நீக்கப் பட்டறைகளில் நீர்த்த கந்தகத் திராவகம் பயன்படுகிறது: நீர் ஒன்பது பங்கு, அடர்ந்த திராவகம் ஒரு பங்கு. திராவகத்தையே நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; நீரைத் திராவகத்தில் ஊற்றினால் அது கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பள்ளிகளிலும் வீட்டுப் பட்டறைகளிலும் படிகாரத்தையோ, எலுமிச்சை உப்பு எனக் கடைகளில் வழங்கும் ஸிட்ரிக் அமிலத்தையோ வெந்நீரிற் கரைத்துப் பயன்படுத்தலாம். வேலை சற்று மெதுவாக நடக்கும். ஆபத்தோ பெரிதும் குறையும்.

திராவகத்திலிருந்து நகையை இரும்புக் குறட்டால் எடுக்கலாகாது. திராவகத்திற் கரைந்துள்ள செம்பு, இரும்பு பட்டவுடன் வெள்ளியின்மேல் சிவப்பாகப் படியும். செம்புக் குறடோ பிளாஸ்டிக் குறடோ ஏற்றது. பின்னர்ச் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, ஓடும் நீரில் நன்கு அலச வேண்டும். பள்ளத்தின் மூலையில் தங்கும் அமிலம் பிசினுக்குப் பகை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நெடுநேரம் வாட்டிய வெள்ளியில் ஆக்ஸிஜன் உட்புகுந்து, மேற்பரப்பின் கீழேயுள்ள செம்போடு சேர்ந்து சாம்பல் ஊதா நிறக் கறையை உண்டாக்குகிறது. திராவகம் இதைத் தொடுவதில்லை. ஒளிபுகாத நிறமானால் இது மறைந்துவிடும்; ஒளிபுகும் நிறமானால் கறை அப்படியே தெரியும். எனவே அரத்தாளால் தேய்த்து இதை நீக்க வேண்டும். வாட்டுமுன் வெங்காரக் கரைசலைப் பூசினால் கறை உண்டாவது குறையும்.

மூன்றாம் படி: சொரசொரப்பாக்குதல்

பள்ளத்தின் அடியை 240 அல்லது 320 எண் அரத்தாளால் தேய்க்கலாம். அல்லது எழுத்துளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுக்கலாம். ஒரே திசையில் இழுப்பதைவிடக் குறுக்குக் கோடுகளே சிறந்தவை. எத்திசையில் இழுப்பு நேர்ந்தாலும் ஏதேனும் ஒரு கோடு அதைத் தடுக்கும்.

ஆனால் தொழிலாளியின் தயக்கம் இங்கேதான் தோன்றுகிறது. ஒளிபுகும் நிறத்தின் அழகு, அதனூடே சென்று வெள்ளியிற் பட்டுத் திரும்பும் ஒளியால் வருவது. அடி பளபளப்பாக இருந்தாலன்றி நிறம் ஒளிராது. பளபளப்பாக இருந்தாலோ பிசின் பற்றாது. அழகுக்கும் உறுதிக்கும் இடையே நேரும் இம்முரண்பாட்டில் பலர் அழகையே தேர்ந்துகொள்கின்றனர். சில மாதங்களில் இரண்டையும் இழக்கின்றனர்.

இதற்கான தீர்வைப் பழைய கைவேலைக்காரர்களே காட்டிச் சென்றிருக்கின்றனர். ஒளிபுகும் மீனாவுக்கு அவர்கள் பள்ளத்தின் அடியைக் கூரிய, மெருகிட்ட உளியால் இதழ் நரம்பாகவும் அலையாகவும் கதிராகவும் செதுக்கினர். உளி வெட்டிய ஒவ்வொரு கோட்டின் பக்கங்களும் சிறு கண்ணாடிகளாக மின்னும். அதே கோடுகள் பிசினுக்குப் பிடிமானமும் ஆகின்றன. அரத்தாள் உண்டாக்கும் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிக்கும். உளிக்கோடு ஒளியைத் திருப்பியனுப்பும். எனவே ஒளிபுகாத நிறத்துக்கு அரத்தாள், ஒளிபுகும் நிறத்துக்கு உளிக்கோடு என்பது நல்ல விதி.

நான்காம் படி: பசை நீக்குதல்

வெளிப்புறத்துக்கு முன்னரே மெருகிட்டிருந்தால், அந்த மெருகுப் பசை முழுவதையும் போக்க வேண்டும். வெந்நீரில் சலவைச் சோடாவோ, மணமும் எண்ணெயும் கலவாத சோப்போ இட்டு, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் மூலைகள்வரை தேய்க்க வேண்டும். பூந்திக்கொட்டை நீரால் வெள்ளி கழுவும் வழக்கம் நல்லதே. ஆயினும் அதையும் எச்சமின்றி அலசிவிட வேண்டும். பின்னர் நுரைக்கல் தூளை நீரிற் குழைத்துத் தேய்த்தல் சாலச் சிறந்தது. இறுதியாக, ஒரு புதிய துணியில் அஸிடோனையோ ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலையோ நனைத்து ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஒரே துணியால் மீண்டும் மீண்டும் துடைப்பது, எண்ணெயை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதேயாகும்.

இதன்பின் பள்ளத்தை விரலால் தொடலாகாது. வாயால் ஊதித் தூசு போக்குவதும் தவறு. மூச்சில் ஈரம் உண்டு. நகையை மிதமான சூட்டில் உலர்த்தி, அன்றே, கூடுமானால் சில மணி நேரத்துக்குள், பிசினை ஊற்றிவிட வேண்டும். மறுநாளைக்கு விட்டுவைத்த வெள்ளியை மீண்டும் துடைத்தே ஆகவேண்டும்.

நீர்ப்படலச் சோதனை

உலோகம் பக்குவமாயிற்றா என்பதைக் கண்ணாற் கண்டு சொல்ல இயலாது. ஆனால் ஒரு துளி நீர் அதைச் சொல்லிவிடும்.

நகையோடு சேர்த்து, அதே வெள்ளித் தகட்டின் துண்டொன்றையும் எல்லாப் படிகளிலும் உடன் கொண்டுசெல்க. பசை நீக்கியபின் அத்துண்டைக் காய்ச்சி வடித்த நீரில் முக்கிச் சாய்த்துப் பிடிக்கவும். நீர் கிழிபடாத ஒரே படலமாகத் தகட்டின்மேல் நின்றால் பரப்பு தூயது. படலம் ஆங்காங்கே பிளந்து, தாமரை இலைமேல் நீர்போல முத்து முத்தாக உருண்டால், அவ்விடங்களில் எண்ணெய் எஞ்சியிருக்கிறது என்பது பொருள். மீண்டும் தேய்க்க வேண்டும். பள்ளத்தினுள்ளும் ஒரு துளி நீரை வைத்துப் பார்க்கலாம். தூய பள்ளத்தில் துளி பரவி மூலைகளைத் தொடும். பசையுள்ள பள்ளத்தில் நடுவே குவிந்து நிற்கும். நீர் பரவும் பரப்பிற் பிசினும் பரவும். சோதனைக்குப் பின் நகையை முற்றிலும் உலர்த்துவது அவசியம்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நிமிடம் போதும். களப் பணியாளர் ஒருவர் பட்டறைக்குச் சென்று ஒன்றே ஒன்றைக் கற்பிக்க நேரமிருந்தால், இதையே கற்பிப்பாராக.

கலத்தலும் ஊற்றுதலும்

பிசினையும் கெட்டிப்பானையும் உற்பத்தியாளர் குறித்த விகிதத்தில் நிறுத்துக் கலக்க வேண்டும். சொட்டு எண்ணிக் கலக்கலாகாது. இரண்டின் அடர்த்தியும் வேறு. நகை வேலைக்கு ஒரு தடவைக்குச் சில கிராம்களே தேவைப்படும். 3 கிராமில் 0.3 கிராம் பிழைத்தாலும் அது நூற்றுக்குப் பத்துப் பங்காகும். எனவே 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். கெட்டிப்பானைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் இறுகும் என்பது தவறான நம்பிக்கை. மிகுந்த கெட்டிப்பான் வலையில் இடம்பெறாமல் எஞ்சி நின்று, பிசினைப் பிசுபிசுப்பாக்கும்.

நிறப்பொடியோ நிறக்குழம்போ பொதுவாக நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். நீரிற் கரைத்த நிறங்கள் ஆகா. மெதுவாக இரண்டு மூன்று நிமிடம், கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குக. வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் புகும். ஊசி முனையால் பள்ளத்தின் மூலையிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக நிரப்பி, குமிழிகளை ஊசியால் மேலே வாங்கிவிடலாம்.

மழைக்காலத்தில் தனிக் கவனம் வேண்டும். இறுகும் பிசினின் மேற்பரப்பில், காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் கெட்டிப்பானோடு சேர்ந்து மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கக்கூடும். அதன்மேல் அடுத்த நிறத்தை ஊற்றினால் நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையே பற்று அறும். மூடிய பெட்டியில், மின்விளக்கின் இளஞ்சூட்டில் இறுகவிடுவது எளிய பரிகாரம். படலம் தோன்றிவிட்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரால் கழுவி, மெல்லத் தேய்த்தபின் அடுத்த வேலையைத் தொடங்குக.

பெரும்பாலான பிசின்கள் ஒரு நாளிற் கெட்டியானாலும், முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். பின்னர் 400 எண்ணில் தொடங்கி 1200 வரை அரத்தாள்களால் நீருடன் தேய்த்து மெருகிடலாம். சக்கரத்தில் அழுத்திப் பிடித்துச் சூடேற்றினால் பிசின் இளகி மங்கும்.

தொழிலாளியின் நலம்

இறுகாத பிசினும் கெட்டிப்பானும் தோலிற் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது. முதலிற் பலநாள் எதுவும் தெரியாதிருந்து, பின்னர்த் திடீரென அரிப்பும் கொப்புளமும் தோன்றலாம். ஒருமுறை இவ்வொவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது பொதுவாக வாழ்நாள் முழுதும் நீங்குவதில்லை; அதன்பின் சிறிதளவு பட்டாலும் கை வீங்கும். அத்தொழிலாளி இவ்வேலையையே விட்டுவிட நேரும். ஆகவே நைட்ரில் கையுறை அணிவது சிக்கனம் பாராத கடமை. தோலிற் பட்டதை அஸிடோனால் துடைக்கும் வழக்கத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அது பிசினை நீர்க்கச் செய்து தோலினுள் செல்ல உதவுகிறது. சோப்பும் நீருமே ஏற்றவை. காற்றோட்டமுள்ள இடத்தில், உணவுப் பாத்திரங்களுக்கு அப்பால் இவ்வேலையைச் செய்க. அஸிடோன் எளிதில் தீப்பற்றும். ஊதுலைக்கு அருகில் அதை வைக்கலாகாது. உலர் நிலையில் தேய்த்துப் பறக்கும் பிசின் தூளையும் சுவாசிக்கக் கூடாது. நீருடன் தேய்க்குமாறு கூறியது இதனாலும்தான்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் வெள்ளிக்குப் பதிலாகச் செம்புத் தகட்டைக் கொண்டு இத்தத்துவத்தை விளக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று தகடுகளை எடுத்துக்கொள்க. முதலாவதை மெருகிட்டு, விரலால் தடவி விடுக. இரண்டாவதை மெருகிட்டுப் பசை மட்டும் நீக்குக. மூன்றாவதை அரத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துப் பசையும் நீக்குக. மூன்றையும் நீரில் முக்கி, படலம் எதில் நிற்கிறது என்பதை மாணவர் குறித்துக்கொள்ளட்டும். நன்கு உலர்த்தியபின் ஆசிரியர் கையுறையணிந்து ஒவ்வொன்றின்மேலும் ஒரு துளி பிசினை இடுக. ஒரு வாரம் கழித்து, கத்தி முனையால் ஒவ்வொரு துளியையும் ஆசிரியரே பெயர்த்துக் காட்டலாம். எது முழுதாகக் கழல்கிறது, எது உடைந்து துணுக்குகளாகவே வருகிறது என்பதை மாணவர் கண்டு எழுதுவர். முழுதாகக் கழன்றால் பற்றுக் குறை. பிசினே உடைந்து, அதன் துணுக்கு உலோகத்தில் எஞ்சினால் பற்று நன்று. கட்டுரையின் தொடக்கத்திற் கண்ட மோதிரத்தின் வழக்குக்கு இதுவே தீர்ப்பு.

வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியவை

பிசின் இட்ட நகையை மீனா நகை என்று கூறி விற்பது முறையன்று. மீனா என்பது உலையில் உருகிய கண்ணாடி. பல ஆண்டுப் பயிற்சியால் வரும் வேலை. அதன் பெயரைப் பிசினுக்கு இட்டால், மீனாகாரரின் உழைப்பின் மதிப்பும் குறைகிறது. நிறம் மங்கும்போது நம்பிக்கையும் குறைகிறது. பிசின் நிறம் என்றே கூறி விற்பதில் இழிவு எதுவுமில்லை. நிறம் இடுமுன் ஒருமுறையும் இட்டபின் ஒருமுறையும் நகையை நிறுத்து, வெள்ளியின் எடையைத் தனியாகக் காட்டுவது நேர்மை. வெள்ளி நகைக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2112 என்பதாகும். 2025 செப்டம்பர் முதல், தனி அடையாள எண்ணுடன் கூடிய வெள்ளி முத்திரை முறை விருப்ப அடிப்படையில் நடைமுறைக்கு வந்துள்ளது. முத்திரை வெள்ளியின் தூய்மைக்குச் சான்றேயன்றி நிறத்தின் உறுதிக்குச் சான்றன்று. அதற்குப் பொறுப்பு தொழிலாளியின் கையே.

வாங்குபவருக்கு மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்ப வேண்டும்: நகையைக் கொதிநீரிலும் வெள்ளி துலக்கும் திராவகத்திலும் இடலாகாது, நெடுநேரம் வெயிலில் வைத்தால் நிறம் மஞ்சளிக்கும், பழுது பார்க்கக் கொடுக்கும்போது இதில் பிசின் இருக்கிறது என்று பொற்கொல்லரிடம் முன்னதாகவே கூற வேண்டும்.

சிறு பட்டறையில் உழைக்கும் ஒருவருக்குத் திரும்பி வரும் ஒவ்வொரு நகையும் ஒரு நாள் கூலி. பலமுறை திரும்பினால் வாடிக்கையே போய்விடும். விலையுயர்ந்த பிசினை வாங்குவதால் மட்டும் இது தீராது. அரத்தாள், சோடா, தூய துணி, ஒரு துளி நீர் ஆகியவற்றின் செலவு மிகச் சிறிது. அடுத்த முறை கழன்ற நிறம் ஒன்று உங்கள் பார்வைக்கு வருமாயின், அதன் மேற்புறத்தைப் பார்க்குமுன் அடிப்புறத்தைத் தொழிலாளிக்குக் காட்டுங்கள்.